அகூஸ்டிக் கிட்டாரும் குரலும்: ஸ்டீரியோ மிக்ஸில் எதை எங்கே வைப்பது?

கிட்டார் ட்ராக்கை ஒரு காப்பி எடுத்து, ஒன்றை முழுக்க இடப்பக்கமும் இன்னொன்றை முழுக்க வலப்பக்கமும் தள்ளினால் ஒலி அகலமாகிவிடும் என்று நம்பிய காலம் எனக்கும் உண்டு. தள்ளினேன். அகலம் துளிக்கூட வரவில்லை, சத்தம்தான் கூடியது. இரண்டு ஸ்பீக்கரிலும் அச்சு அசலாக ஒரே ஒலி வந்தால் காது அதை நடுவில்தான் கேட்கும். அதற்குப் பெயர் மோனோ. இது உறைக்க எனக்கு ஆறேழு மிக்ஸ் வீணாயின.

பேன் (pan) குமிழ் ஒரு ஒலியை இடமோ வலமோ இடம் மாற்றும், அவ்வளவுதான். அகலம் வேண்டுமென்றால் இடதில் கேட்பதும் வலதில் கேட்பதும் வேறு வேறாக இருக்க வேண்டும். அந்த வித்தியாசத்தை எங்கிருந்து கொண்டுவருவது என்பதுதான் இந்த வழிகாட்டியின் பெரும்பகுதி. குரலின் கதை நேர் எதிர். அது நடுவில் அசையாமல் நிற்க, மற்றதெல்லாம் அதற்கு வழிவிட வேண்டும்.

படி 1: உட்காரும் இடத்தைச் சரிபாருங்கள்

இரண்டு ஸ்பீக்கர்களும் உங்கள் தலையும் ஒரு சமபக்க முக்கோணத்தின் மூன்று முனைகளாக இருக்கட்டும். ஒரு மோனோ குரல் ட்ராக்கை மட்டும் ஓடவிட்டுக் கண்ணை மூடிக் கேளுங்கள். இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவே, ஒன்றுமே இல்லாத இடத்தில், பாடகர் நிற்பதுபோல் கேட்க வேண்டும். குரல் ஒரு பக்கம் சாய்ந்து கேட்டால், ஒரு ஸ்பீக்கர் சுவரை ஒட்டி இருக்கலாம், அல்லது ஒன்றின் வால்யூம் கூடியிருக்கலாம். அதைச் சரிசெய்யாமல் பேன் செய்ய உட்கார்ந்தால் அறையின் கோணல் மிக்ஸில் ஏறிவிடும்.

ஹெட்ஃபோன் மட்டும்தான் இருக்கிறது என்றால் அதிலேயே செய்யலாம், தப்பில்லை. ஆனால் ஒன்று நினைவிருக்கட்டும். ஸ்பீக்கரில் இடப்பக்க ஒலி வலது காதுக்கும் சற்றுப் பிந்திப் போய்ச் சேரும். ஹெட்ஃபோனில் அந்தக் கலப்பு கிடையாது. அதனால் முழு இடதில் வைத்த கிட்டார் ஹெட்ஃபோனில் காதுக்குள் குடைவதுபோல் இருக்கும், ஸ்பீக்கரிலோ இயல்பாகக் கேட்கும்.

படி 2: ரெக்கார்டிங்குக்கு முன்பே இடம் பிரியுங்கள்

ஒரு தாளில் நீளமாக ஒரு கோடு போட்டு, யார் எங்கே என்று குறியுங்கள். இரண்டு நிமிட வேலை. கிட்டார் ஒன்றா இரண்டா, பாடுபவரே வாசிக்கிறாரா, கூடவே டிரம்ஸும் பேஸும் உண்டா என்பதைப் பொறுத்து மைக் வைக்கும் விதமே மாறிவிடும். டிரம்ஸ், பேஸ் எல்லாம் உள்ள பாட்டில் அகூஸ்டிக் கிட்டார் பெரும்பாலும் ஒரு தாள வாத்தியம்தான். அதற்கு ஸ்டீரியோ ரெக்கார்டிங்கே தேவையில்லை, நல்ல மோனோ ட்ராக் போதும். கிட்டாரும் குரலும் மட்டும்தான் பாட்டே என்றால், அந்தக் கிட்டார் ஒரு முழு மேடையை நிரப்பியாக வேண்டும்.

படி 3: கிட்டாரைப் பதிவு செய்தல்

மைக்கைக் கிட்டாரின் துளைக்கு நேராக வைக்காதீர்கள், அங்கே ‘பும்’ என்ற கீழ் ஒலிதான் கூடுதலாக வரும். 12-ஆவது ஃப்ரெட்டுக்கு எதிரே 20 முதல் 30 செ.மீ. தள்ளி வைத்துவிட்டு, ஒருவரை வாசிக்கச் சொல்லி ஹெட்ஃபோனோடு நீங்களே மைக்கை நகர்த்திப் பாருங்கள். மூன்று விரல் அகலம் நகர்த்தினாலே ஒலி மாறுவது தெரியும்.

இரண்டு மைக் வைக்கும்போதுதான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். ஒன்றைக் கழுத்துப் பக்கமும் ஒன்றைப் பிரிட்ஜ் பக்கமும் வைத்து, இரண்டையும் முழு இடது, முழு வலது என்று பிரித்துவிடுவார்கள். தனியாகக் கேட்டால் பிரமாதம். பாட்டுக்குள் கொண்டுவந்ததும் கிட்டார் மூன்று மீட்டர் அகலத்துக்கு விரிந்து, விரல் நகரும் கீச்சொலி இடப்பக்கமும் பிக் அடிக்கும் சத்தம் வலப்பக்கமுமாகப் பிய்ந்து நிற்கும்.

இதைவிடப் பெரிய தொல்லை மோனோவில், அதாவது இடதும் வலதும் ஒன்றாகச் சேரும்போது வரும். கணக்கு சுலபம். ஒலி ஒரு செகண்டில் ஏறத்தாழ 343 மீட்டர் போகும். ஒரு மைக் மற்றதைவிட 34 செ.மீ. தள்ளி இருந்தால், அதற்கு ஒலி 1 மில்லி செகண்ட் பிந்திப் போய்ச் சேரும். இரண்டையும் ஒரே அளவில் சேர்த்தால் 500 ஹெர்ட்ஸில் ஒன்று மேலே போகும்போது மற்றது கீழே வந்து இரண்டும் அடிபட்டுப்போகும். அதேபோல் 1500, 2500, 3500 என்று வரிசையாகப் பள்ளங்கள் விழும். கிட்டாரின் மரத்தன்மை இருக்கும் இடத்திலேயே முதல் குழி. குழாய்க்குள் இருந்து வாசிப்பதுபோல் ஒரு ஒலி கேட்டிருப்பீர்களே, அது இதுதான்.

தப்பிக்க இரண்டு வழி. முதலாவது எக்ஸ்-வொய்: இரண்டு மைக்கின் தலைகளும் ஒன்றன்மேல் ஒன்றாக, 90 டிகிரி கோணத்தில். ஒலி இரண்டுக்கும் ஒரே நேரத்தில் போவதால் மோனோவில் எந்தச் சேதமும் இல்லை. அகலம் அடக்கமாகவே இருக்கும். இரண்டாவது மிட்-சைட், எனக்குப் பிடித்தது. ஒரு மைக் கிட்டாரை நேராகப் பார்க்கும். அதன் மேலேயே எட்டு வடிவத்தில் ஒலி வாங்கும் இன்னொரு மைக் பக்கவாட்டில் திரும்பி இருக்கும். பக்க மைக்கின் ட்ராக்கைக் காப்பி எடுத்து, காப்பியின் ஃபேஸை (ஒலி அலையின் மேடு பள்ளத்தை) மட்டும் தலைகீழாக்கி, ஒன்றை இடதிலும் மற்றதை வலதிலும் வையுங்கள். (காப்பி எடுப்பது சேதமில்லாமல் பலன் தரும் ஒரே இடம் இது.) மோனோவாக்கினால் இரண்டு பக்கமும் ஒன்றையொன்று அழித்துக்கொண்டு நடு மைக் மட்டும் சுத்தமாக மிஞ்சும். அகலம் எவ்வளவு வேண்டும் என்பதைப் பக்க ட்ராக்கின் ஃபேடரை (அளவை ஏற்றி இறக்கும் நகர்த்தியை) வைத்துப் பிறகு முடிவு செய்யலாம். பிரிட்டிஷ் பொறியாளர் ஆலன் ப்ளூம்லைன் 1931-இல் ஸ்டீரியோவுக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்த ஆவணத்திலேயே இந்த யோசனையின் வேர் இருக்கிறது.

பாடிக்கொண்டே வாசிப்பவராக இருந்தால்

இது தனிப் பிரச்சினை. வாய்க்கும் கிட்டாருக்கும் இடையே அரை மீட்டர்தான். கிட்டார் மைக்கில் குரலும், குரல் மைக்கில் கிட்டாரும் ஏறும். இந்த நிலையில் கிட்டாருக்கு இரண்டு மைக் வைத்து விரித்தால், அந்த மைக்குகளில் ஏறிய குரலும் சேர்ந்து விரியும். நடுவில் புள்ளியாக நிற்க வேண்டிய குரல் கலங்கிப்போகும், பாடகர் தலையைத் திருப்பும்போதெல்லாம் இப்படியும் அப்படியும் ஆடும். பிறகு மென்பொருளில் எந்த ப்ளக்-இன் (கூடுதல் கருவி) போட்டாலும் இதைச் சரிசெய்ய முடியாது.

எட்டு வடிவ மைக் இரண்டு கிடைத்தால் கதை மாறிவிடும். அந்த மைக்குக்கு முன்னும் பின்னும் காது உண்டு, பக்கவாட்டில் செவிடு. கிட்டார் மைக்கின் செவிட்டுப் பக்கத்தை வாயை நோக்கியும், குரல் மைக்கின் செவிட்டுப் பக்கத்தைக் கிட்டாரை நோக்கியும் திருப்பி வையுங்கள். கலப்பு ஆச்சரியப்படும் அளவுக்குக் குறையும். அப்புறம் இரண்டையும் நடுவிலேயே வைத்துவிட்டு, அகலத்தை ரிவெர்பில் (அறையின் எதிரொலிபோல் சேர்க்கும் விளைவில்) தேடுங்கள். சாதாரண மைக்தான் இருக்கிறது என்றால், இரண்டு மைக்குக்கும் இடையே உள்ள தூரம், ஒவ்வொரு மைக்கும் தன் ஒலியிலிருந்து இருக்கும் தூரத்தைப்போல் மூன்று மடங்காவது இருக்கும்படி பாருங்கள். அதாவது, மைக்கை இன்னும் கிட்டே கொண்டுபோங்கள்.

படி 4: இரண்டாவது டேக்

அகலத்துக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. அதே பகுதியை மறுபடி முதலிலிருந்து வாசித்துப் பதிவு செய்யுங்கள். எவ்வளவு கச்சிதமாக வாசித்தாலும் ஒவ்வொரு அடியும் சில மில்லி செகண்ட் முன்பின்னாக விழும், பிக் படும் கோணம் மாறும், கம்பியின் அதிர்வு மாறும். இந்த மனிதக் கோளாறுதான் நமக்கு வேண்டிய வித்தியாசம். முதல் டேக் முழு இடது, இரண்டாவது முழு வலது. நடுவில் குரலுக்கு ஒரு வாசல் திறந்துகொள்ளும்.

வித்தியாசத்தை இன்னும் கூட்டலாம். பாட்டு ஜி மேஜரில் என்று வையுங்கள். முதல் டேக்கில் ஜி, சி, டி என்று சாதாரணமாக வாசியுங்கள். இரண்டாவதுக்கு 5-ஆவது ஃப்ரெட்டில் கேப்போ (எல்லாக் கம்பியையும் அழுத்திப் பிடிக்கும் கிளிப்) மாட்டி டி, ஜி, ஏ வடிவங்களைப் பிடியுங்கள். ஸ்வரம் அதேதான், ஆனால் கிட்டாரே சின்னதாகிவிட்டதுபோல் மேலே மினுக்கும். இடதில் கட்டை, வலதில் மினுக்கல். நாஷ்வில் டியூனிங் என்று ஒன்றும் உண்டு: தடித்த நான்கு கம்பிகளுக்குப் பதில் மெல்லிய கம்பிகள் போட்டு அவற்றை ஓர் ஆக்டேவ் மேலே கட்டுவார்கள். ஒரு கிட்டாரை இதற்கென்றே ஒதுக்கி வைத்திருக்கும் ஆட்கள் இருக்கிறார்கள், நானும் அந்த ஆசையில்தான் இருக்கிறேன்.

எல்லா அடியையும் எடிட் செய்து நூல் பிடித்தாற்போல் ஆக்கிவிடாதீர்கள், வந்த அகலம் போய்விடும். பகுதி தொடங்கும் முதல் அடியும், கையால் அமர்த்தி நிறுத்தும் கடைசி இடமும் மட்டும் சேர்ந்து விழுந்தால் போதும். அந்த இரண்டு இடத்தில் பிசகினால் யார் காதுக்கும் தெரியும்.

படி 5: மோனோவில் தொடங்குங்கள்

மாஸ்டரில் (எல்லா ட்ராக்கும் வந்து சேரும் கடைசிச் சேனலில்) மோனோ பட்டனை அழுத்துங்கள். ஸ்டீரியோ மிக்ஸுக்கு மோனோவா என்று கேட்பீர்கள். குரலும் கிட்டாரும் ஒரே இடத்தில் நெரிசலில் நிற்கும்போதுதான் எது எதை மறைக்கிறது என்பது பச்சையாகத் தெரியும். பேனைப் பிரித்துவிட்டால் சண்டை ஓய்ந்ததுபோல் தோன்றும். ஃபோன் ஸ்பீக்கரில் கேட்கும்போது திரும்ப வந்து நிற்கும்.

முதலில் குரல் ஃபேடரை ஏற்றி ஒரு நல்ல அளவில் விடுங்கள், அப்புறம் அதைத் தொட வேண்டாம். கிட்டாரை அடியிலிருந்து மெல்ல ஏற்றி, வார்த்தைகள் தெளிவு குறையத் தொடங்கும் இடத்தில் நிறுத்துங்கள். இப்போது ஈக்யூ, அதாவது ஒலியின் குறிப்பிட்ட அதிர்வெண்களை மட்டும் ஏற்றுவது, இறக்குவது. கிட்டாரின் தடித்த கம்பி ஏறத்தாழ 82 ஹெர்ட்ஸ். அதற்குக் கீழே இருப்பது பெரும்பாலும் கால் தட்டும் சத்தமும் அறை இரைச்சலும்தான், வெட்டிவிடலாம். பேஸ் கிட்டாரும் இருந்தால் 120, 150 வரைகூட வெட்டுவேன். தனியாகக் கேட்டால் கிட்டார் மெலிந்து தெரியும், பயப்படாதீர்கள். தனியாகக் கேட்டு ஈக்யூ செய்யும் பழக்கம்தான் முக்கால்வாசி மிக்ஸைக் கெடுக்கிறது.

200 ஹெர்ட்ஸை ஒட்டிக் கிட்டார் பெட்டி உறுமும், அங்கே 2 அல்லது 3 டெசிபல் இறக்கினால் குரலின் நெஞ்சுப்பகுதி வெளியே வரும். வார்த்தை புரிவதற்கான மெய்யெழுத்துகளின் கூர்மை பெரும்பாலும் 2 முதல் 4 கிலோஹெர்ட்ஸில் இருக்கிறது. பிக் கம்பியில் படும் சத்தமும் அங்கேதான். கிட்டாரில் அந்த இடத்தை அகலமாக, மென்மையாக 2 டெசிபல் இறக்குங்கள். குரலை ஏற்றுவதைவிட இது எப்போதும் நன்றாகக் கேட்கும்.

படி 6: இனி விரியுங்கள்

மோனோ பட்டனை எடுங்கள். இரண்டு டேக் கிட்டார் என்றால் முழு இடது, முழு வலது. (நடு 0, விளிம்பு 100 என்று கொண்டால்) 70, 80 என்று தயங்கி நிற்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. ஆரம்பகால ஸ்டீரியோ கன்சோல்கள் சிலவற்றில் குமிழே கிடையாது, இடது, நடு, வலது என்று மூன்றே நிலை உள்ள சுவிட்ச்தான். அந்தக் கட்டுப்பாட்டிலேயே மிக்ஸ் செய்து பார்த்தால் மனம் தெளிவாகும்.

ஒரே கிட்டார், ஒரே மோனோ ட்ராக் என்றால் முழுக்க ஒரு பக்கம் தள்ளாதீர்கள், மறுபக்கம் காலியாகிப் பாட்டே சாயும். இடப்பக்கம் 25 அல்லது 30 அளவுக்கு நகர்த்தி, அதன் ரிவெர்பை மட்டும் வலப்பக்கம் அனுப்புங்கள். ஒருவர் இடப்பக்கம் உட்கார்ந்து வாசிக்க, வலப்பக்கச் சுவர் அதைத் திருப்பித் தருவதுபோல் இருக்கும். எக்ஸ்-வொய் ஜோடியை 50, 60-க்கு மேல் நான் விரிப்பதில்லை.

பேன் செய்ததும் அளவு மாறியதுபோல் தோன்றினால் அது பிரமை இல்லை. நடுவில் இருக்கும் ஒலியை எத்தனை டெசிபல் குறைத்துக் கொடுப்பது என்று ஒவ்வொரு மென்பொருளுக்கும் ஒரு பேன் விதி உண்டு: 3, 4.5, 6 என்று அமைப்புக்கு ஏற்ப மாறும். அதனால் பேன் முடிந்ததும் ஃபேடரை ஒரு முறை திரும்பப் பாருங்கள். அதோடு, முழு விளிம்பில் இருக்கும் கிட்டார், மோனோவாகும்போது நடுவில் இருக்கும் குரலைவிட ஏறத்தாழ 3 டெசிபல் பின்வாங்கும். ஸ்டீரியோவில் கிட்டார் ஏற்கெனவே அடங்கி இருந்தால் ஃபோனில் காணாமலே போய்விடும். இதை மனதில் வைத்துக் கிட்டாரை ஒரு மயிரிழை தாராளமாக விடுங்கள்.

படி 7: பொய் அகலம், எச்சரிக்கையோடு

இரண்டாவது டேக் எடுக்க வாய்ப்பே இல்லாதபோது டிலே (ஒலியைத் தாமதப்படுத்தும் கருவி) வைத்து ஏமாற்றுவது வழக்கம். ஒரே ஒலி இரண்டு ஸ்பீக்கரிலிருந்து சில மில்லி செகண்ட் இடைவெளியில் வந்தால், சுமார் 30 மில்லி செகண்ட் வரை காது அதை ஒரே ஒலியாகவே எடுத்துக்கொள்ளும், திசையை மட்டும் முதலில் வந்ததை வைத்து முடிவு செய்யும். ஹெல்முட் ஹாஸ் 1949-இல் தன் முனைவர் பட்ட ஆய்வில் அளந்து காட்டியது இதைத்தான். இடதில் கிட்டார், வலதில் அதன் காப்பி 15 மில்லி செகண்ட் தாமதமாக: உடனே அகலம் வந்துவிடும்.

வந்துவிடும், ஆனால் கடன் வாங்கிய அகலம். ஒரு பாட்டை இப்படி முடித்து அனுப்பிவிட்டு, ஒரு நண்பர் ஃபோனில் போட்டுக் காட்டியபோது கிட்டார் தகர டப்பாவுக்குள் போயிருந்தது. மோனோவானதும் 33 ஹெர்ட்ஸில் தொடங்கி 100, 167 என்று சீப்புப் பல்போல் பள்ளங்கள். அன்றிலிருந்து, வேறு வழியே இல்லாமல் இதைச் செய்தால் தாமதமான காப்பியை 6 டெசிபலாவது இறக்கி, அதன் மேல் ஒலியை மழுக்கி வைப்பேன். அகலம் குறையும், சேதமும் குறையும்.

படி 8: குரலுக்குச் சுற்றம்

முக்கியக் குரல் நடுவில், மோனோவாக. அதைச் சுற்றி என்ன வைக்கலாம் என்பதுதான் கேள்வி. பாடகரை மறுபடி இரண்டு முறை பாடவைத்து, அந்த இரண்டையும் பக்கங்களில் மிகத் தாழ்வாக விட்டால் குரல் தடிக்கும். இதில் ஒரு சங்கடம்: மூன்று டேக்கிலும் ‘ட்’, ‘ஸ்’ ஒன்றாக விழாது, ‘டடட்’ என்று சிதறும். பக்க டேக்குகளில் சொல்லின் இறுதியில் வரும் வல்லின மெய்களையும் மூச்சு இழுக்கும் சத்தத்தையும் வெட்டிவிடுங்கள். மெய்யை நடுக்குரல் சொல்லட்டும், உயிரை மட்டும் பக்கக் குரல்கள் தாங்கட்டும்.

மறுபடி பாட அலுத்துக்கொள்ளும் பாடகர்கள் புதிதல்ல. 1966-இல் லண்டனின் அபே ரோடு ஸ்டுடியோவில் கென் டவுன்செண்ட் என்ற பொறியாளர், இரண்டாவது டேப் மெஷினின் வேகத்தை லேசாக ஆட்டி, ஒரே டேக்கை இரண்டாகக் கேட்கவைக்கும் வழியைக் கண்டுபிடித்தது இதற்காகத்தான். இன்று அதை ப்ளக்-இன் செய்யும். இடதில் 7 சென்ட் (ஒரு அரை ஸ்வரத்தில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்) கீழே, வலதில் 7 சென்ட் மேலே, தாமதம் 12-உம் 18-உம் மில்லி செகண்ட். இருப்பதே தெரியாத அளவில் வையுங்கள். நிறுத்தினால் மட்டும் எதையோ காணோம் என்று தோன்ற வேண்டும். இணைக்குரல்களைக் கிட்டார் நிற்கும் விளிம்புக்கும் நடுவுக்கும் இடையே, 40 முதல் 60-க்குள் உட்காரவையுங்கள்.

ரிவெர்பில் குரலுக்கு 30 முதல் 50 மில்லி செகண்ட் ப்ரீ-டிலே கொடுங்கள். வார்த்தை முதலில் காதுக்கு வந்துவிடும், அறை பின்னால் வரும். கிட்டாருக்குச் சின்ன அறை போதும், ப்ரீ-டிலே குறைவாக. அப்போது குரல் ஓர் அடி முன்னே நிற்கும். இரண்டு ரிவெர்பிலும் 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடுங்கள்.

படி 9: பாட்டோடு அகலமும் மாறட்டும்

தொடக்கத்திலேயே எல்லாவற்றையும் விளிம்புவரை விரித்துவிட்டால், பல்லவி திரும்ப வரும்போது போக இடம் இருக்காது. சரணத்தில் ஒரே கிட்டாரை நடுவுக்கு அருகில் வைத்து, பல்லவியில் இரண்டு டேக்கையும் விளிம்பில் திறந்துவிடுங்கள். சத்தம் ஏறாமலே பாட்டு பெரிதாகும். திறக்கும் அந்த வரியில் குரலை அரை டெசிபல் ஏற்ற வேண்டியிருக்கலாம்.

படி 10: சோதனைகள்

மோனோ பட்டனை மறுபடி அழுத்திப் பாருங்கள். கிட்டார் கொஞ்சம் இறங்கினால் சரி, நிறம் மாறினால் ஃபேஸ் கோளாறு. கோரிலேஷன் மீட்டர் (இடதும் வலதும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் அளவி) இருந்தால் முள் பெரும்பாலும் பூஜ்யத்துக்கு மேலேயே இருக்க வேண்டும். ஒரு கணம் கீழே போய் வந்தால் பரவாயில்லை, கீழேயே குடியிருந்தால் படி 3-க்குத் திரும்புங்கள்.

அடுத்து இடதையும் வலதையும் மாற்றிப்போட்டுக் கேளுங்கள். மிக்ஸ் சமமாக இருந்தால் கண்ணாடியில் பார்ப்பதுபோல் இருக்கும், அவ்வளவுதான். திடீரென்று ஒரு பக்கம் கனத்தால், இவ்வளவு நேரம் உங்கள் காது அந்தச் சாய்வுக்குப் பழகியிருந்தது என்று அர்த்தம்.

ஹெட்ஃபோனில் ஒரு காதை மட்டும் மாட்டிப் பாட்டை முழுக்க ஓடவிடுங்கள், பிறகு மறு காது. நிறையப் பேர் ஒரு காதில் இயர்ஃபோனோடுதான் பாட்டுக் கேட்கிறார்கள். இரண்டு முறையும் குரலும் ஏதோ ஒரு கிட்டாரும் கேட்க வேண்டும். கடைசியாக, வால்யூமை நன்றாகக் குறைத்துவிட்டு அறைக்கு வெளியே போய்க் கதவைச் சாத்தாமல் நில்லுங்கள். அங்கே ஸ்டீரியோ எதுவும் மிஞ்சியிருக்காது. அங்கிருந்தும் பாட்டின் வரிகளைப் பிடிக்க முடிந்தால் ஃபைலை ஏற்றுமதி செய்யலாம், இல்லையென்றால் உள்ளே வந்து கிட்டாரின் அந்த 2 முதல் 4 கிலோஹெர்ட்ஸில் இன்னும் ஒரு டெசிபல் இறக்குங்கள்.